துறைசேர் விளக்கு: பொழுதுபோக்குப் படகுகளில் ஒளியின் வரலாறு

இரவில் படகுத்துறையை நெருங்கும் சிறு படகு, துறையின் தூண்களையும் கயிறு கட்டும் கட்டைகளையும் தெளிவாகக் காண்பதற்காகத் தன் முன்பகுதியில் ஏற்றும் வெள்ளை விளக்கே துறைசேர் விளக்கு ஆகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது டாக்கிங் லைட் என்று வழங்கப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் ஓடும் பொழுதுபோக்குப் படகுகள் பலவற்றில் இவ்விளக்குகள் இரண்டிரண்டாக, முன்முனையின் இருபுறமும் பதிக்கப்பட்டிருக்கும். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்வது இந்த முன்முனையைத்தான். பழைய படகுகளை வைத்திருப்போர் இவ்விளக்குகளைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்வதும் உண்டு.

பார்வைக்கு இவை காரின் முகப்பு விளக்குகளைப் போலவே இருக்கும். அதனால், கார் ஓட்டுவதைப் போல இவற்றை எரியவிட்டுக்கொண்டே ஏரி முழுவதும் ஓட்டலாம் என்று புதியவர்கள் சிலர் நினைக்கின்றனர். சாலையில் முகப்பு விளக்கு இல்லாமல் போவது குற்றம். நீரிலோ முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு போவது ஆபத்து. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதை விளக்கும் வரலாறு ஏறத்தாழ 175 ஆண்டுகள் நீளமானது. நீராவிக் கப்பல்கள், மிசிசிப்பி ஆற்று மாலுமிகள், சூயஸ் கால்வாய், கார்த் தொழில், எல்.ஈ.டி. எனப் பல துறைகள் அதில் இடம்பெறுகின்றன.

இருவகை விளக்குகள்

படகில் உள்ள விளக்குகளை அவற்றின் நோக்கம் கருதி இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, பிறர் நம்மைக் காண்பதற்காக ஏற்றப்படுவது. சிவப்பு, பச்சை, வெள்ளை நிறங்களில் உள்ள அடையாள விளக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, நாம் பிறவற்றைக் காண்பதற்காக ஏற்றப்படுவது. தேடுவிளக்கும் துறைசேர் விளக்கும் இவ்வகையைச் சேர்ந்தவை.

முதல் வகை விளக்கு மங்கலாக இருந்தாலும் போதும். அதன் நிறமும் அது தெரியும் கோணமும் சரியாக இருக்க வேண்டும். இரண்டாம் வகை விளக்குக்குப் பிரகாசம்தான் முதன்மை. இரண்டையும் ஒரே படகில் அருகருகே ஏற்றும்போது, பிரகாசமான விளக்கு மங்கலான விளக்கை மறைத்துவிடுகிறது. படகு விளக்குகளின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சிக்கலைத் தீர்க்க எடுத்த முயற்சிகளின் வரலாறே ஆகும்.

சிவப்பும் பச்சையும் வந்த கதை

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கடலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கு முறை எதுவும் இல்லை. கப்பல்கள் மெதுவாகச் சென்றன. காற்று வீசும் திசையை வைத்து எதிர்வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பக்கூடும் என்பதை ஓரளவு ஊகிக்கவும் முடிந்தது. நீராவிக் கப்பல் வந்தபின் இந்நிலை மாறியது. அது காற்றை எதிர்த்தும் ஓடியது. இரவிலும் வேகம் குறையாமல் சென்றது. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால், அக்கப்பல் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்று கணிக்க இயலவில்லை. மோதல்கள் பெருகின.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1846இல் நிறைவேற்றிய நீராவிக் கப்பல் சட்டம், விளக்குகளுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தைக் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டிக்கு வழங்கியது. அதன்படி 1848இல் வெளியான விதிகள், நீராவிக் கப்பலின் வலப்புறம் பச்சை விளக்கும், இடப்புறம் சிவப்பு விளக்கும், முன்பாய்மர உச்சியில் வெள்ளை விளக்கும் ஏற்றப்பட வேண்டும் என்றன. பிரான்ஸ் அரசுடன் கலந்து பிரிட்டன் வகுத்த விரிவான விதிகள் 1863இல் வந்தன. அடுத்த ஆண்டிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட கடலோர நாடுகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவும் அவற்றுள் ஒன்று.

இம்முறையின் நுட்பம் கோணத்தில் உள்ளது. மாலுமிகளின் திசைகாட்டி வட்டத்தை 32 கூறுகளாகப் பிரித்தது. ஒரு கூறு 11.25 பாகை. பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர்முன்னிருந்து தன் பக்கமாக 10 கூறுகள், அதாவது 112.5 பாகை வரை மட்டுமே தெரிய வேண்டும். இடப்பக்க விளக்கு வலப்பக்கம் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, விளக்கின் உட்புறத்தில் 3 அடி நீளத்துக்குத் தடுப்புப் பலகை வைக்க வேண்டும் என்றும் பழைய விதிகள் கூறின. எண்ணெய் விளக்குக் காலத்தில் வகுக்கப்பட்ட அந்த 112.5 பாகைக் கணக்கு இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளுக்கும் மாறாமல் பொருந்துகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரவில் நீங்கள் படகு ஓட்டிச் செல்கிறீர்கள். உங்கள் வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது. அது மற்றொரு விசைப்படகின் இடப்பக்க விளக்கு; எனவே அந்தப் படகு உங்கள் பாதையை வலமிருந்து இடமாகக் கடக்க வருகிறது. வலப்பக்கம் மற்றொரு படகைக் காண்பவரே வழிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே உங்களுக்குத் தெரியும் சிவப்பு, "நீ விலகு" என்று சொல்கிறது. அதே வேளையில் அவருக்கு உங்கள் பச்சை விளக்கு தெரிகிறது. அது, "உன் வழியில் தொடர்ந்து செல்" என்று சொல்கிறது. சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால், படகு நேருக்கு நேர் வருகிறது என்று பொருள். ஒரு சொல்லும் பேசாமல் இரு படகுகளும் உடன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் உடன்பாடும் இல்லை.

மிசிசிப்பியின் இருட்டு

அதே காலத்தில் அமெரிக்காவின் உள்நாட்டு ஆறுகளில் வேறொரு தேவை எழுந்தது. மிசிசிப்பியில் ஓடிய நீராவிப் படகுகள் இரவிலும் சிற்றூர்களிலும் தோட்டங்களின் கரைகளிலும் நின்று சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கையாண்ட வழி தீப்பந்தக் கூடை. நீண்ட கம்பியின் முனையில் தொங்கும் இரும்புக் கூடையில் பிசின் நிறைந்த பைன் மரத்துண்டுகளை இட்டு எரித்து, படகின் பக்கத்திலிருந்து நீர்ப்பரப்பின்மேல் நீட்டிப் பிடிப்பார்கள். கரையும் பலகைப் பாலமும் அவ்வொளியில் தெரியும். துறைசேர் விளக்கின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் படகு ஓடும்போது அதே மாலுமிகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டனர். மார்க் ட்வெய்ன் என்ற புனைபெயரில் பின்னர் புகழ்பெற்ற சாமுவேல் கிளெமென்ஸ், 1857இல் மிசிசிப்பியில் படகோட்டும் தொழில் பழகச் சேர்ந்து, 1859இல் உரிமம் பெற்றார். 1883இல் வெளியான 'லைஃப் ஆன் தி மிசிசிப்பி' என்ற நூலில் அந்நாளைய வழக்கங்களை அவர் பதிவு செய்திருக்கிறார். மிகவும் இருண்ட இரவுகளில் சுக்கான் அறையில் புகைபிடிக்க மாட்டார்கள். அங்குள்ள கணப்பு அடுப்பில் வெளிச்சம் கசியும் சிறு விரிசல் இருந்தாலும் தீ மூட்ட விடமாட்டார்கள். கொதிகலன் உலைகளின் வாயைப் பெரிய தார்ப்பாய்களால் மறைப்பார்கள். மேற்கூரைக் கண்ணாடிகளையும் மூடிவிடுவார்கள். படகிலிருந்து ஒளி எதுவும் வெளியே வராதபோதுதான் ஆற்றின் வடிவம் கண்ணுக்குப் புலப்படும் என்பது அவர்களின் அனுபவ அறிவு.

அந்த அனுபவ அறிவுக்கான காரணத்தை உடலியல் பின்னர் விளக்கியது. கண்ணின் விழித்திரையில் கூம்புச் செல்கள், கோல் செல்கள் என்று இருவகை உள்ளன. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை கோல் செல்கள். அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் சிதைந்து, இருட்டில் மெல்ல மீண்டும் உருவாகிறது. கண் இருளுக்கு முழுவதும் பழகச் சுமார் 30 நிமிடங்கள் ஆகும். அப்படிப் பழகிய பார்வையை இழக்கவோ ஒரு சில நொடிகள் வலுவான வெள்ளை ஒளி பட்டாலே போதும்.

1874இல் மிசிசிப்பி, ஒஹாயோ, மிசௌரி ஆறுகளின் கரைகளில் அடையாள விளக்குகள் நிறுவ அமெரிக்க அரசு ஏற்பாடு செய்தது. 1882இல் மார்க் ட்வெய்ன் மீண்டும் அந்த ஆற்றில் பயணம் செய்தபோது, கரைகளில் விளக்குகளும் படகுகளில் மின்சாரத் தேடுவிளக்கும் வந்திருந்தன. தேவைப்படும் நேரத்தில் தேடுவிளக்கைப் போட்டு இடத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு அணைத்துவிடும் வசதி கிடைத்தது. தீப்பந்தக் கூடையால் இது முடியாது. வேண்டும்போது ஏற்றி, வேலை முடிந்ததும் அணைக்கலாம் என்பதே மின்விளக்கு படகுக்குத் தந்த மிகப் பெரிய வசதி.

சூயஸ் கால்வாய் கற்பித்த பாடம்

மின்விளக்கைக் கப்பலின் முகப்பில் வைத்துக் குறுகிய நீர்வழியில் இரவுப்பயணம் செய்யும் முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த இடம் சூயஸ் கால்வாய். 1869இல் திறக்கப்பட்ட இக்கால்வாயில் தொடக்கத்தில் இரவுப்பயணம் அனுமதிக்கப்படவில்லை. பொழுது சாய்ந்ததும் கப்பல்கள் ஆங்காங்கே நின்று விடியும்வரை காத்திருந்தன. இதனால் கொழும்புக்கும் சென்னைக்கும் வரும் கப்பல்களுக்கும் நேரம் வீணாயிற்று. 1887 முதல், முகப்பில் மின்சாரத் தேடுவிளக்கு பொருத்திய கப்பல்கள் இரவிலும் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது. கால்வாயைக் கடக்க ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

இங்கும் பழைய சிக்கல் தலைகாட்டியது. எதிரே ஒரு கப்பல் வந்தால், தேடுவிளக்கு அதன் மாலுமியின் கண்ணைக் கூசச் செய்யும். விளக்கை அணைத்தாலோ கால்வாயின் கரை தெரியாது. இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, அழகானது. சூயஸ் விளக்கின் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்க வழி செய்தனர். ஒரு பாதி இடக்கரை மீதும் மறுபாதி வலக்கரை மீதும் விழும். நடுவில் ஓர் இருள்பகுதி இருக்கும். எதிர்வரும் கப்பல் அந்த இருள்பகுதிக்குள் வருவதால் அதன் மாலுமிக்குக் கண் கூசாது. நமக்கும் இருகரைகள் தெரியும். வெளிச்சம் தேவையான இடத்தில் விழ வேண்டும், எதிரே வருபவர் கண்ணில் விழக் கூடாது என்ற நெறியை இந்த ஏற்பாடு காட்டுகிறது. இன்று ஓர் ஏரிப்படகில் இரண்டு சிறு விளக்குகளைப் பொருத்துபவருக்கும் இதே நெறி பொருந்தும்.

மோட்டார் படகுகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெட்ரோல் எஞ்சின் வந்ததும், சாதாரண மக்களும் பொழுதுபோக்குக்காகப் படகு வைத்துக்கொள்ளத் தொடங்கினர். ஓல் எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வெளிப்புற மோட்டார், துடுப்புப் படகையும் விசைப்படகாக்கியது. இச்சிறு படகுகளில் எண்ணெய் விளக்கும் அசெட்டிலின் வாயு விளக்கும் பயன்பட்டன. பெரிய கப்பலுக்குரிய விளக்குகள் அனைத்தையும் இவற்றில் ஏற்ற இடம் இல்லை.

ஆகவே அமெரிக்கக் காங்கிரஸ் 1910இல் மோட்டார் படகுகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 65 அடிக்கு மேற்படாத படகுகளை நீளத்தின்படி மூன்று வகுப்புகளாக அது பிரித்தது. 26 அடிக்குக் குறைந்த படகுகள், முன்பக்கம் சிவப்பும் பச்சையும் இணைந்த ஒரே விளக்கும், பின்பக்கம் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கும் ஏற்றினால் போதும் என்றது. 1940இல் வந்த புதிய மோட்டார் படகுச் சட்டம் இவ்விதிகளைத் திருத்தி அமைத்தது. இன்றும் ஏரிகளில் ஓடும் சிறு படகுகளின் முன்முனையில் காணப்படும் கைப்பிடியளவு சிவப்பு-பச்சை விளக்கு அந்த மரபில் வந்ததே. அந்த விளக்குக்குச் சில அங்குலம் கீழேதான் பின்னாளில் துறைசேர் விளக்குகள் இடம்பிடித்தன.

அணைக்கட்டு ஏரிகளும் கார் விளக்குகளும்

துறைசேர் விளக்கு பரவியதற்கு இரண்டு காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, நீர்நிலைகளின் பெருக்கம். 1930களில் அமெரிக்காவில் பெரிய அணைகள் பல கட்டப்பட்டன. 1931இல் மிசௌரி மாநிலத்தில் பேக்னல் அணை கட்டப்பட்டதால் உருவான ஓசார்க்ஸ் ஏரியின் கரை, வளைந்து வளைந்து சுமார் 1,850 கி.மீ. நீளம் கொண்டது. கடலே இல்லாத மாநிலங்களில் இத்தகைய ஏரிகளின் கரையோரம் வீடுகளும், வீட்டுக்கு ஒரு சிறு படகுத்துறையும் எழுந்தன. துறைமுகங்களைப் போல அவற்றில் கம்ப விளக்குகள் இல்லை. மாலையில் நண்பர் வீட்டுக்குப் படகில் போய்விட்டு இருட்டியபின் திரும்பும் குடும்பம், தன் துறையைத் தன் வெளிச்சத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும். இத்தகைய ஏரிகளில் மிதந்துவரும் மரக்கட்டைகளும் மூழ்கிய அடிமரங்களும் உண்டு.

இன்னொரு காரணம், கார்த் தொழில். 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து அமெரிக்காவில், கண்ணாடி, பிரதிபலிப்பான், மின்னிழை மூன்றும் ஒன்றாக அடைக்கப்பட்ட சீல்டு பீம் விளக்கு பொதுவழக்காயிற்று. உள்ளே ஈரம் புகாத இந்த விளக்கு படகுக்கும் ஏற்றதாக அமைந்தது. 1950களில் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. படகுகளும் அதே பேட்டரியையும் அதே விளக்கையும் பயன்படுத்த முடிந்தது. கண்ணாடி இழைப் படகுகள் பெருகியபின், உடற்பகுதியில் குழி அமைத்து விளக்கைப் பதிப்பதும் எளிதாயிற்று.

1952இல் மினசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, இரு உருளை மிதவைகளின்மேல் மரத்தளம் அமைத்துப் பான்டூன் படகு ஒன்றைக் கட்டினார். தட்டையான தளமும் சுற்றிலும் வேலியும் உடைய இப்படகு குடும்பங்களுக்கு ஏற்றதாக இருந்ததால் விரைவில் பரவியது. அகன்ற, காற்றால் எளிதில் தள்ளப்படக்கூடிய இப்படகைத் துறையில் சேர்ப்பது கடினம். அதன் முன்வேலியின் இரு மூலைகளும் விளக்குப் பொருத்த இயல்பான இடங்களாக அமைந்தன. இன்று துறைசேர் விளக்குகள் மிகுதியாகக் காணப்படும் படகுகளுள் பான்டூனும் ஒன்று.

1972ஆம் ஆண்டு விதிகள்

கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 அன்று நடைமுறைக்கு வந்தன. இந்தியாவும் இவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகளுள் ஒன்று. அமெரிக்கா தன் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு இவற்றை ஒட்டியே 1980இல் தனிச்சட்டம் இயற்றியது.

இவ்விதிகளில் துறைசேர் விளக்கு என்ற பெயர் வரவில்லை. ஆயினும் அதைக் கட்டுப்படுத்தும் விதி தெளிவாக உள்ளது. சூரியன் மறைந்தது முதல் எழும்வரை குறிப்பிட்ட அடையாள விளக்குகளை ஏற்ற வேண்டும் என்று 20ஆம் விதி கூறுகிறது. அந்நேரத்தில் வேறு விளக்கு ஏதேனும் ஏற்றினால், அது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். அடையாள விளக்கு என்று பிறர் அதைத் தவறாக எண்ண இடம் தரக் கூடாது. அடையாள விளக்குகளின் தோற்றத்தையும் தனித்தன்மையையும் அது குலைக்கக் கூடாது. படகோட்டி சுற்றுமுற்றும் கண்காணிப்பதற்கு அது இடையூறாக இருக்கக் கூடாது. ஓடும் படகில் எரியும் துறைசேர் விளக்கு இம்மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர மீறக்கூடியது. தேடுவிளக்கால் ஆபத்தைச் சுட்டிக்காட்டும்போதும் பிற கலங்களுக்குத் தொல்லை தராதவாறு செய்ய வேண்டும் என்று 36ஆம் விதி கூறுகிறது.

எல்.ஈ.டி. மாற்றிய கணக்கு

1993இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யும், 1996இல் அதை அடிப்படையாகக் கொண்ட வெள்ளை எல்.ஈ.டி.யும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். இக்கண்டுபிடிப்பு படகு விளக்கின் மின்கணக்கை அடியோடு மாற்றியது.

முன்பு 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டைப் பொருத்தினால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கும் சற்று அதிகமான மின்னோட்டம். தடித்த கம்பி வேண்டும்; எஞ்சின் நின்றிருந்தால் பேட்டரி விரைவில் தளரும். ஆகவே வேலை முடிந்ததும் படகோட்டி விளக்கை அணைத்துவிடுவார். இன்று 10 வாட் எல்.ஈ.டி. இரண்டுக்கும் சேர்த்து 1.7 ஆம்பியர் போதும். இரவெல்லாம் எரிந்தாலும் பெரிய செலவில்லை. பேட்டரி இதுவரை போட்டுவந்த கட்டுப்பாடு இதனால் நீங்கிவிட்டது. அதே கட்டுப்பாடு இனி ஓட்டுபவரின் அறிவிலிருந்து வர வேண்டும்.

ஒளியின் கணக்கைப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்கு 1 கடல் மைல் தொலைவுக்குத் தெரிந்தால் போதும். அதற்குத் தேவையான ஒளிச்செறிவு 0.9 கேண்டெலா என்று பன்னாட்டு விதிகளின் இணைப்பு கூறுகிறது. ஏறத்தாழ ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி. மறுபுறம், 1,000 லுமென் ஒளியை 60 பாகை விரிவுள்ள கூம்பில் பரப்பும் துறைசேர் விளக்கை எடுத்துக்கொள்வோம். அக்கூம்பின் திண்மக்கோணம் சுமார் 0.84 ஸ்டெரேடியன், ஆகவே ஒளிச்செறிவு ஏறக்குறைய 1,200 கேண்டெலா. பக்க விளக்குக்குத் தேவையான அளவைப் போல 1,300 மடங்கு!

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டறையின் ஒரு கோடியில் மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் அருகில் நல்ல டார்ச் விளக்கு ஒன்றை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். டார்ச் எரியும்போது மெழுகுவர்த்தியின் சுடரைக் கண் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுடர் சிவப்பா பச்சையா என்று அரை மைல் தொலைவிலிருந்து சொல்ல வேண்டிய நிலையில்தான் எதிரே வரும் படகோட்டி இருக்கிறார். அவருக்குத் தெரிவது இரண்டு வெள்ளை ஒளிகள் மட்டுமே. அது கரையில் நிற்கும் காரா, வரும் படகா, எந்தத் திசையில் வருகிறது என்பது எதுவும் அவருக்குப் புலப்படாது.

இன்று பொருத்துவோர் கவனிப்பவை

பழைய படகில் துறைசேர் விளக்கைப் புதிதாகப் பொருத்துவோர் இவ்வரலாற்றின் பாடங்களைப் பின்வருமாறு கையாளுகின்றனர்.

இடம்: விளக்கு இயன்றவரை முன்னாலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். ஓட்டுபவரின் கண்ணுக்கு முன்னால் உள்ள தளம், கைப்பிடிக் கம்பி ஆகியவற்றின்மீது ஒளி பட்டால், அது திரும்பி வந்து அவர் கண்ணையே கூசச் செய்யும். மூடுபனியிலும் மழைத்தூறலிலும் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்பி வெண்திரை போல நிற்கும்.

கோணம்: இடவிளக்கு சற்று இடப்புறமாகவும் வலவிளக்கு சற்று வலப்புறமாகவும், இரண்டும் நீரை நோக்கிச் சிறிது தாழ்ந்தும் இருப்பது நல்லது. துறை பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வந்து சேர்கிறது. சூயஸ் விளக்கு ஒளியைப் பிரித்ததும் ஏறத்தாழ இப்படித்தான்.

துளை: கண்ணாடி இழைப் படகுகள் சிலவற்றில் இரு அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். துளையின் விளிம்பை நன்கு அடைக்காவிட்டால் நீர் கசிந்து மரம் உளுத்துப்போகும். துளையிட விரும்பாதவர்கள் கைப்பிடிக் கம்பியிலோ பான்டூன் வேலியிலோ கவ்வி வைத்து மாட்டிக்கொள்கின்றனர்.

கம்பி: படகுத் தொழிலுக்குத் தரவிதிகள் வகுக்கும் அமெரிக்கப் படகு மன்றம் 1954இல் தொடங்கப்பட்டது. அதன் பொதுவிதிப்படி, மின்னோட்டம் புறப்படும் இடத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பல இழைகள் கொண்ட செம்புக் கம்பியே ஏற்றது. ஒற்றை இழைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். அடையாள விளக்குக்குச் செல்லும் கம்பியில் 3 விழுக்காட்டுக்கு மேல் மின்னழுத்தம் குறையக் கூடாது. இன்றியமையாதவை அல்லாத விளக்குகளுக்கு 10 விழுக்காடு வரை குறையலாம். உயிர் எந்த விளக்கைச் சார்ந்திருக்கிறது என்பதை இந்த இரு எண்களே சொல்லிவிடுகின்றன.

சுவிட்ச்: துறைசேர் விளக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டும். அடையாள விளக்குடன் சேர்த்து இணைத்தால், ஒன்றை ஏற்றும்போதெல்லாம் மற்றொன்றும் எரியும். விதி மீறல் அங்கேயே தொடங்கிவிடும். பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய எஞ்சின் அறையில் வைக்கும் சுவிட்ச், தீப்பொறி வெளியே வராதவாறு அமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

வானொலி: தரம் குறைந்த எல்.ஈ.டி. விளக்குகள் படகின் வி.எச்.எஃப். வானொலியில் இரைச்சல் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரித்தது. ஆபத்தில் இருப்பவரின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகலாம். வானொலியை அமைதியான அலைவரிசையில் வைத்து, விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

சிறிய வெளிச்சம்

நீரில் செல்வோர் எல்லாரிடமும் பேட்டரியும் எஞ்சினும் இல்லை. துடுப்புப் படகில் செல்பவருக்கு 1972ஆம் ஆண்டு விதிகள் ஒரு சலுகை தருகின்றன. பக்க விளக்குகளை ஏற்ற இயலாவிட்டால், அவர் ஒரு டார்ச்சையோ ஏற்றிய விளக்கையோ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்டினால் போதும். இந்தச் சலுகை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. எதிரே வருபவரின் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும், அந்தச் சிறிய வெளிச்சத்தை அது கண்டுகொள்ளும் என்பதே அந்த நம்பிக்கை.

விசைப்படகில் இரண்டு வலுவான விளக்குகளை எரியவிட்டு விரைந்து வருபவரின் கண்ணுக்கு அந்த டார்ச் தெரியாது. தன் விளக்கு வீசும் வட்டத்துக்குள் துடுப்புப் படகு வந்தபின்தான் அவர் அதைக் காண்பார். அப்போது திரும்ப நேரம் இருக்காது. ஆகவே, துறைக்குச் சில படகு நீளங்கள் முன்னால், வேகத்தை முற்றிலும் குறைத்தபின் விளக்கை ஏற்றுவதும், கயிறு கட்டியதும் அணைப்பதும், மறுபடி புறப்படும்போது துறையைவிட்டு விலகிய உடனே அணைப்பதும் நல்ல படகோட்டிகளின் வழக்கம். தார்ப்பாயால் உலையை மூடிய மிசிசிப்பி மாலுமி அறிந்திருந்ததை இன்றைய படகோட்டி ஒரு சுவிட்சைத் தட்டி நிறைவேற்றிவிடலாம்.